பக்கத்துக் கிடங்கில் என்ன இருக்கிறது? – நம்மிடம் சொல்லப்படாத கணக்கின் வரலாறு

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதற்கு இரண்டொரு நாள் கழித்து வடசென்னை மக்களுக்கு ஒரு செய்தி கிடைத்தது. மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் அதே அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ 700 டன், 37 கன்டெய்னர்களில் கிடக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்த சரக்கு அது. பரபரப்பு கிளம்பியதும் லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த 5 ஆண்டுகளில் சரக்கு அங்கே இருப்பது யாருக்குத் தெரிந்திருந்தது? சுங்கத்துறைக்குத் தெரியும், கிடங்குக்காரருக்குத் தெரியும், வழக்கு நடத்திய வக்கீல்களுக்குத் தெரியும். மணலியில் குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. வேறொரு நாட்டில் 200 பேர் செத்த பிறகுதான் நம் தெருவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டோம்.

ஆபத்தான வேதிப்பொருளை வைத்திருப்பவர் அதை அரசுக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று இந்தியாவில் 1989 முதல் விதி இருக்கிறது. அந்த விதி எப்படி வந்தது, யாருடைய சாவிலிருந்து வந்தது, வந்த பிறகும் ஏன் நம் தெரு வரைக்கும் வந்து சேரவில்லை? இந்த வரலாற்றைச் சாதி ஒழிப்பு பேசும் இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சுற்றுச்சூழல் என்பது யாரோ சிலரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இன்னும் இருக்கிறது. தோல் ஆலையையும், குப்பைக் கிடங்கையும், கழிவு ஓடையையும் ஊரின் எந்தத் திசையில் வைப்பார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திசையில்தான் நாம் குடியிருக்கிறோம்.

செவேசோ: முதல் எச்சரிக்கை

1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் செவேசோ ஊருக்கு அருகில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டயாக்சின் கலந்த நச்சுமேகம் வெளியேறியது. கோழிகளும் முயல்களும் செத்து விழுந்தன. குழந்தைகளின் தோலில் கொப்புளங்கள் கிளம்பின. வெளிவந்தது என்ன நஞ்சு என்பது மக்களுக்கு உடனே சொல்லப்படவில்லை. மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியை விட்டு மக்களை வெளியேற்றவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

இந்த அனுபவத்திலிருந்து 1982இல் ஐரோப்பியச் சமூகம் 'செவேசோ ஆணை' என்று அழைக்கப்படும் விதியைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருளை வைத்திருக்கும் ஆலை அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னாளில் இந்தியா எழுதிய விதிகளிலும் இதே சாயலைப் பார்க்கலாம்.

போபால்: ஒரு ஈரத்துணி

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. கொதித்துப் பொங்கிய வாயு நகரத்தின் மேல் இறங்கியது. அதை முதலில் வாங்கியவை ஆலையின் மதிலை ஒட்டியிருந்த ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப் போன்ற குடிசைப் பகுதிகள். கூலித் தொழிலாளர்களும் பீடி சுற்றும் குடும்பங்களும் வாழ்ந்த இடங்கள் அவை. முஸ்லிம்களும் தலித்துகளும் பிற்பட்ட சாதியினரும் பெருமளவில் இருந்தார்கள். அரசு ஒத்துக்கொண்ட கணக்கிலேயே 5,295 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். இறந்தோர் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் இன்றுவரை சொல்லிவருகின்றன.

போபாலைப் பற்றிப் பேசும்போது நாம் இழப்பீட்டையும் ஆண்டர்சன் தப்பிப்போனதையும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கூடவே பேச வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அன்றிரவு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் நஞ்சு கூடுதலாக உள்ளே போகும். அந்த வாயு தண்ணீரோடு வினைபுரியக்கூடியது. ஒரு துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் பாதையை விட்டு விலகியிருந்தால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். இதைச் சொல்ல ஒரு துண்டறிக்கை போதும். அந்தத் துண்டறிக்கை ஒருநாளும் அந்தக் குடிசைகளுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கும் எந்த வாயு, என்ன மருந்து என்று தெரியவில்லை.

ஆலைக்கு வெளியே யாருக்குமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1981இல் ஆலைக்குள் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கத்தினர் ஆபத்தை எச்சரித்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இல் தன் சிறிய வார இதழில் அடுத்தடுத்து எழுதி, நகரம் எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கதறினார். தொழிலாளியும் சிறு பத்திரிகைக்காரரும் சொன்னதை அரசு தகவலாக எடுத்துக்கொள்ளவே இல்லை. யார் சொன்னால் அது தகவல், யார் சொன்னால் அது வெறும் புலம்பல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் போபால் காட்டியது.

இன்ஸ்டிடியூட்: கறுப்பர் ஊரில் அதே கம்பெனி

யூனியன் கார்பைடுக்கு அமெரிக்காவிலும் மெத்தில் ஐசோசயனேட் தயாரிக்கும் ஆலை இருந்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இன்ஸ்டிடியூட் என்ற ஊரில். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரியைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த இடம். போபால் நடந்ததும், நம் ஊரில் இருப்பதும் அதே பொருள்தானே என்று அவர்கள் கேட்டார்கள். இங்கே அப்படி நடக்காது என்றது கம்பெனி. 1985 ஆகஸ்ட் 11 அன்று அதே ஆலையிலிருந்து வேறொரு நச்சுப்பொருள் கசிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

போபாலில் செத்தவர்களின் பிணங்களும் இன்ஸ்டிடியூட் மக்களின் கேள்வியும் சேர்ந்துதான் 1986 அக்டோபரில் அமெரிக்காவில் 'அவசரத் திட்டமிடல் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமைச் சட்டம்' வந்தது. அதற்கு முன்பே 1981இல் பிலடெல்பியா நகரத்திலும் 1983இல் நியூஜெர்சி மாநிலத்திலும் தொழிற்சங்கங்களும் குடியிருப்போரும் சேர்ந்து போராடி அறியும் உரிமைச் சட்டங்களை வாங்கியிருந்தார்கள்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், என்ன பொருள், எவ்வளவு, வளாகத்தில் எந்த இடத்தில் என்ற பட்டியலை ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் மூன்று இடங்களுக்குக் கொடுக்க வேண்டும்: மாநில ஆணையம், உள்ளூர்த் திட்டக்குழு, அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையம். பொதுவான வேதிப்பொருளுக்கு அந்த அளவு 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4.5 டன். மிகக் கொடிய நஞ்சு என்று பட்டியலிட்டவற்றுக்கு 500 பவுண்டு அல்லது அதைவிடக் குறைவு. இந்தப் பட்டியலை எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்டு வாங்கலாம்.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஆலைகள் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் விடும் நஞ்சின் கணக்கை ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு வெளியிடச் சொன்னது. முதல் கணக்கு வெளிவருவதற்கு முன்பே, 1988இல், மான்சான்டோ கம்பெனி தன் நச்சு வாயு வெளியேற்றத்தை 90 விழுக்காடு குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்படிக் குறைக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் எதுவுமில்லை. ஊர் முழுக்க அந்த எண்ணைப் படிக்கப்போகிறது என்ற நிலையே கம்பெனியை அசைத்தது.

கறுப்பின மக்கள் இதோடு நிற்கவில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுன்டியில், கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில் நச்சு மண்ணைக் கொட்டவந்த லாரிகளின் முன்னால் படுத்து மறித்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1987இல் ஒரு கிறித்தவத் திருச்சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதும் நச்சுக் கழிவுக் கிடங்குகள் இருக்கும் இடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒரு கிடங்கு எங்கே வரும் என்பதை வருமானத்தைவிட, நிலத்தின் விலையைவிட, அங்கே வாழ்பவர்களின் நிறம்தான் அதிகமாகச் சொல்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. 'சுற்றுச்சூழல் இனவெறி' என்ற சொல் உலகமெங்கும் பரவியது. தகவல் கையில் இருந்ததால் கேட்க முடிந்த கேள்வி அது.

இந்தியா எழுதிய விதிகள்

இந்தியாவில் போபாலுக்கு ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாத முழுப் பொறுப்புக்கு உள்ளாவார் என்று உச்சநீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு வந்தவற்றில் மூன்றை மாணவர்கள் பெயர் சொல்லும் அளவுக்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு. ஆபத்தான செய்முறை உள்ள ஆலை, அதன் ஆபத்துகளையும் தற்காப்பு வழிகளையும் தொழிலாளிக்கும், ஆய்வாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் வெளிப்படுத்தியே தீர வேண்டும் என்றது அது. தொழிற்சாலைகள் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டு 2020இல் நாடாளுமன்றம் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது, 1989 நவம்பரில் வந்த 'அபாயகர வேதிப்பொருள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள்'. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரம்பளவு வைத்தார்கள். குளோரினுக்கு 10 டன், 25 டன். அம்மோனியாவுக்கு 60 டன், 600 டன். முதல் வரம்பைத் தொட்டால் தொழில் தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும், வளாகத்துக்குள் அவசரத் திட்டம் போட வேண்டும், 6 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். இரண்டாவது வரம்பைத் தொட்டால் முழுப் பாதுகாப்பு அறிக்கையும் தர வேண்டும். வளாகத்துக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். 15ஆம் விதிதான் நமக்கு முக்கியம். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதி மக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை ஆலை நேரடியாகவோ மாவட்ட நிர்வாகம் மூலமாகவோ சொல்ல வேண்டும் என்கிறது அது. போபாலில் வராமல்போன அந்தத் துண்டறிக்கைதான் 15ஆம் விதி.

மூன்றாவது, 1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள். மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொன்னவை அவை. உள்ளூர்க் குழுவில் ஊர்ச் சமூகத்தின் பிரதிநிதிக்கும் தொண்டு நிறுவனப் பிரதிநிதிக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் இடம் உண்டு. கேட்கும் பொதுமக்களுக்குத் தகவல் தருவதும் அந்தக் குழுவின் கடமை.

விதி எங்கே நின்றுபோகிறது

காகிதத்தில் நல்ல விதிகள்தான். அவை தெரு வரைக்கும் வராமல் நிற்கும் இடங்கள் மூன்று.

முதல் இடம் வரம்பளவு. குடிநீர் சுத்திகரிப்பில் பயன்படும் பெரிய குளோரின் உருளை 900 கிலோ கொள்ளும். அப்படி 11 உருளைகள் ஒரு வளாகத்தில் நின்றாலும் மொத்தம் 9.9 டன்தான். 10 டன் ஆகவில்லை, ஆகவே 15ஆம் விதியின் துண்டறிக்கை அக்கம்பக்கத்துக்கு வர வேண்டியதில்லை. ஓர் உருளை கசிந்தாலே ஒரு தெருவுக்கு அது போதும். சின்ன ஐஸ் ஆலையின் அம்மோனியா, தோல் ஆலையின் ரசாயனம் எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் பெரும்பாலும் நிற்கும். நம் ஆட்கள் கூலிக்குப் போகும் இடங்கள் பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன ஆலைகள். நாடு முழுவதும் 1,861 பெரும் விபத்து அபாய ஆலைகள் இருப்பதாகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கணக்குச் சொல்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவை அதில் வராது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். மலக்குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தாக்கிச் சாகும் நம் சகோதரர்களுக்கு எந்த அட்டவணையிலும் வரம்பளவு கிடையாது. அவர்களுக்காகத் தனிச் சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை.

இரண்டாவது இடம், அறிவிப்பு மேலே போகிறது, பக்கவாட்டில் வருவதில்லை என்பது. ஆலை தகவலை அதிகாரிக்குக் கொடுக்கிறது, அதிகாரி கோப்பில் வைக்கிறார். 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். அபாயச் சங்கை ஒலிக்கவைக்க ஆலைக்குள் 36 இடங்களில் வசதி இருந்தும் அது ஒலிக்கவில்லை என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு பின்னர் எழுதியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். போபாலுக்கு 39 ஆண்டுகள் கழித்தும் அதே ஓட்டம். அந்த மக்கள் மீனவர்கள், தலித்துகள் அல்லர். ஆனால் யாரிடம் சொல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று நிர்வாகம் நினைக்கிறதோ அந்த வரிசையில் அவர்களும் நம்மோடு நிற்கிறார்கள்.

அமெரிக்காவிலும் காகிதம் மட்டும் காப்பாற்றவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் தீயணைக்கப் போனவர்கள். அந்தக் கிடங்கு தன்னிடம் 270 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதை முறைப்படி அறிவித்திருந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் ஊரைத் தயார்படுத்தவில்லை. கேட்கிற மக்கள் இருக்கும்போதுதான் கணக்குக்கு உயிர் வருகிறது.

மூன்றாவது இடம்தான் நமக்கு நன்கு தெரிந்த இடம். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் ஊர்ப் பிரதிநிதியை அதிகாரிதான் நியமிக்கிறார். நம் ஊர்களில் 'ஊர்ப் பிரமுகர்' என்று யாரைக் கூப்பிடுவார்கள்? ஊரின் பெரிய மனிதர் வீடு ஊருக்குள் இருக்கும். ஆலையின் மதில் காலனியை ஒட்டி இருக்கும். வாயு முதலில் வரும் தெருவுக்கும் தகவல் முதலில் வரும் தெருவுக்கும் நடுவில் சாதி நிற்கிறது. படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று நம் முன்னோரைத் தள்ளிவைத்த அதே வேலையை இன்று ஒரு கோப்பு அலமாரி செய்கிறது. 'வணிக ரகசியம்' என்று அதற்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைக்கும் சட்டத்திருத்தம் அவர் முயற்சியில்தான் வந்தது. ஆலைக்குள் உழைப்பவரின் உடல்மீது யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுபோனவர் அவர். ஆலைக்கு வெளியே மூச்சு விடுகிறவரின் உடலைப் பற்றிய கேள்வி அதன் தொடர்ச்சிதான்.

கடலூரின் வாளி

கேட்டு வாங்கிய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004இல் தாங்களே காற்றின் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, அதை நிரப்ப ஒரு சிறு விசை, அவ்வளவுதான் கருவி. அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகில் வாழ்ந்த மக்கள் பயன்படுத்திவந்த அதே வாளி. லூசியானாவில் நார்கோ என்ற ஊரின் கறுப்பின மக்கள் இந்த வாளியைக் கொண்டுதான் ஷெல் கம்பெனியோடு மோதினார்கள். அவர்களை வழிநடத்திய மார்கி ரிச்சர்டு என்ற ஆசிரியைக்கு 2004இல் கோல்ட்மேன் விருது கிடைத்தது. அரசு எண்ணைத் தராவிட்டால் நாமே எண்ணை உண்டாக்குவோம் என்ற அந்த வழி கறுப்பர் தெருவிலிருந்து கடலூர்க் கிராமத்துக்கு வந்தது.

நாம் செய்யக்கூடியவை

மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய வேலை இல்லை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பெரும் விபத்து அபாய ஆலைகள் உள்ளன, எந்த ஊரில், என்ன பொருள் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம். மாவட்ட ஆட்சியரிடம் மூன்று கேள்விகள்: வளாகத்துக்கு வெளியிலான அவசரத் திட்டத்தின் நகல் வேண்டும், கடைசியாக ஒத்திகை எந்தத் தேதியில், எந்தத் தெருவில் நடந்தது, உள்ளூர் நெருக்கடிக் குழு உறுப்பினர்கள் யார் யார், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர். வணிக ரகசியம் என்று மறுத்தால், அதே சட்டத்தின் 8(1)(டி) பிரிவில் பொதுநலன் பெரிதென்றால் தர வேண்டும் என்று எழுதியிருப்பதைச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

பதில் வந்ததும் அந்த ஆலைகளை வரைபடத்தில் குறியுங்கள். அதன்மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியல் சாதி விழுக்காட்டை வையுங்கள். 1987இல் கறுப்பின மக்கள் தங்கள் நாட்டுக்குச் செய்த வேலை அது. நம் மாவட்டங்களுக்கு அதை நாம் செய்வோம். கிராமசபையில் 15ஆம் விதியைப் படித்துக் காட்டி, துண்டறிக்கை தமிழில் வேண்டும், காலனியின் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போடுவோம்.

அதுவரைக்கும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம் சொந்தக்காரர்களிடம், உள்ளே இருப்பது என்னவென்று உங்களிடம் யாராவது வந்து சொன்னார்களா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள். நம் மனுவின் முதல் பக்கம் அதுதான்.